வெள்ளிக்கிழமை வாங்கிய பின்னச்சு

தவச்செல்வனின் பிக்கப்புக்கு நான்கு சில்லிலும் இழுவை உண்டு என்று வாங்கும்போது சொன்னார்கள். பொய்யில்லை. ஆனால் பனியில் ஒரு சில்லு வழுக்கத் தொடங்கினால் இழுவையெல்லாம் அந்தச் சோம்பேறிக்கே போய்விடும். பக்கத்துச் சில்லு சும்மா நின்று வேடிக்கை பார்க்கும். அப்படித்தான் போன மாரியில் வெவ்வேறாக நாலு நாள், ஏற முடியாமல் பாதி மலையில் நின்றுவிட்டார்.

இன்டர்லாக்கன் ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, இருபத்தாறு வருடத்தில் பெரிய சமையல்காரராகி, முழங்கால் கைவிட்ட பிறகு வெளியே வந்தவர் அவர். இப்போது ஊர் நிர்வாகத்தின் உணவுச் சேவையில், மலைச்சரிவில் தனியே வாழும் ஒன்பது முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிறார். இந்த மாரியில் ஒருநாள் தவறினாலும் வேலை இன்னொருவருக்குப் போகும் என்று நிர்வாகம் கடிதம் போட்டுவிட்டது. ஹோட்டலில் அவ்வளவு காலம் சமைத்தும், சாப்பிட்டவர்களின் முகத்தை அவர் பார்த்ததில்லை. இங்கே ஒன்பது முகம் யன்னலில் காத்திருக்கும். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமே இல்லை.

"அண்ணை, லொக் உள்ள பின்னச்சு ஒண்டு பாருங்கோ," என்றான் மெக்கானிக் சயன். "சுவிட்சை அமத்தினா ரெண்டு பின்சில்லும் சேர்ந்துதான் சுத்தும். ஒண்டு ஏமாத்தேலாது. பழசு போதும், நான் பூட்டித் தாறன்."

லங்நா என்ற ஊரில் பழைய வாகனங்களை உடைத்து விற்கும் பிராவ் ஸ்பிண்டன் என்ற அம்மாவிடம் ஒன்று இருப்பது தெரியவந்தது. சனிக்கிழமை போகலாம் என்றிருந்தவரை மனைவி கஜலக்சுமி மறித்தாள்.

"சனிக்கிழமை ஆராவது இரும்பு வாங்குவினமோ? அதுவும் நூறு கிலோ! வெள்ளி போங்கோ. பத்தரைக்கு இராகுகாலம், அதுக்கு முதல் காசைக் குடுத்திடுங்கோ."

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேலையைக் கூட்டாளி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார். வழியில் வீதி வேலை. யார்டுக்குள் நுழையும்போது பத்து இருபது. அறுபது வயது பிராவ் ஸ்பிண்டன், கையெல்லாம் கிறீசோடு, அச்சை மரக்குற்றிகளின் மேல் ஏற்றி வைத்துக் காத்திருந்தார்.

"முதலில் அச்சின் சுற்றை எண்ணிப் பார்ப்போம்," என்றார் அவர்.

"வேண்டாம், நல்லதுதான்," என்று சொல்லி, தவச்செல்வன் காசு உறையை இரண்டு கையாலும் நீட்டினார். பெயருக்குக்கூட அச்சைக் குனிந்து பார்க்கவில்லை. பார்வையெல்லாம் மணிக்கூட்டில். அந்த அம்மா விழித்தார். பிறகு வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார். பத்து இருபத்தாறு. தவச்செல்வனுக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆனால் பிராவ் ஸ்பிண்டன் விடுகிற ஆளில்லை. லொக்குக்குப் பற்றறி கொடுத்தார். லொக் 'டக்' என்று விழுந்தது. சில்லுப் பக்கத்தைத் தவச்செல்வன் பத்து முறை சுற்ற, எஞ்சின் பக்கம் எத்தனை முறை சுற்றுகிறது என்று அந்த அம்மா எண்ணினார். முப்பத்தொன்பது. பிக்கப்பில் விவரம் பொறித்த தகட்டைப் பார்த்தார். அதற்கு நாற்பத்தொன்று வேண்டும்.

"முன்னச்சு ஒரு கணக்கில், பின்னச்சு வேறு கணக்கில். நாலு சில்லுக்கும் இழுவை போட்டு ஏறினால் ஒன்றையொன்று இழுத்து நடுவில் உடைந்துவிடும். இதை உங்களுக்கு விற்கமாட்டேன்," என்று உறையைத் திருப்பி நீட்டினார்.

தவச்செல்வன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நல்ல நேரத்தில் கொடுத்த காசு திரும்பி வருவதா? நாள் பார்ப்பதையும், இராகுகாலத்தையும், ஒன்பது பேரின் சாப்பாட்டையும், அவர் திக்கித் திணறி ஜெர்மனில் சொல்லி முடிக்க, அந்த அம்மா சிரிக்காமல் கேட்டார்.

"சரி, காசு என்னிடமே இருக்கட்டும். இதே வகை இன்னொரு வண்டி இன்று பின்னேரம் வருகிறது. அச்சைக் கழற்றி, எண்ணி வைக்கிறேன். நாளைக்கு வாருங்கள்."

நாளைக்குச் சனி! உடனே வீட்டுக்குப் போன் அடித்தார். கஜலக்சுமி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"காசு எப்ப குடுத்தனீங்கள்?"

"இண்டைக்கு. பத்தரைக்கு முதல்."

"பிறகென்ன? வாங்கினது வெள்ளிக்கிழமை. நாளைக்குப் போய் எடுக்கிறது மட்டும்தானே."

சனிக்கிழமை எடுத்து வந்தார். நாற்பத்தொன்று. அவரே குனிந்திருந்து இரண்டு தரம் எண்ணினார். சயன் இரண்டு நாளில் பூட்டிக் கொடுத்தான்.

டிசம்பர் இரண்டாம் கிழமை முழங்காலளவு பனி கொட்டியது. உச்சி வீட்டில் தொடங்கி இறங்கி வருவதுதான் அவர் வழக்கம். போன வருடம் நின்ற அதே வளைவில் சில்லு வழுக்கியது. சுவிட்சை அமத்தினார். பிக்கப் ஒரு கணம் தயங்கி, முக்கி முனகி ஏறியது. "அப்பனே முருகா!" என்று தன்னையறியாமல் கத்திவிட்டார்.

உச்சி வீட்டில் தொண்ணூற்றொரு வயதுக் கிழவி தனியே இருக்கிறார். மேசையில் ஒரு கோப்பை, இரண்டு துண்டு பாண், கொஞ்சம் சீஸ்.

"பனி என்றபடியால் வரமாட்டீர்கள் என்று நினைத்தேன்," என்றார். குறை சொல்லும் குரலில்லை. போன மாரியில் அந்த நாலு நாளும் அவர் இதைத்தான் சாப்பிட்டிருக்கிறார் என்பது தவச்செல்வனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆவி பறக்கும் சூப்பை முன்னால் வைத்தார். கிழவி பாண் துண்டுகளை எடுத்து மறுபடி டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

வெளியே வந்து பனிக்குள் நின்றபடியே லங்நாவுக்குப் போன் அடித்தார்.

"பிராவ் ஸ்பிண்டன், நான் மேலே நிற்கிறேன். அன்றைக்கு நீங்கள் பேசாமல் அந்த அச்சைத் தந்திருந்தால் இன்று பாதி மலையில் வண்டி உடைந்து நின்றிருப்பேன். காசு உங்கள் லாச்சிக்குள்தானே இருந்தது. யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். உயிர் உள்ளவரை மறக்கமாட்டேன்."

"இன்னும் எத்தனை வீடு?"

"எட்டு."

"அப்படியானால் போனை வையுங்கள்," என்றார் பிராவ் ஸ்பிண்டன். "சாப்பாடு ஆறிவிடும்."