முதல் தடவை வேண்டாம் என்பேன்

என் மகள், தான் விரும்பும் பையனின் அம்மாவை எங்களுக்கு அறிமுகப்படுத்த, சான் ஹோசேயில் அவள் குடியிருக்கும் தெருவிலேயே ஒரு பிஸ்ட்ரோவைப் பிடித்தாள். பிஸ்ட்ரோ என்றால் பிரெஞ்சுச் சமையல், நெருக்கிப் போட்ட சின்ன மேஜைகள், கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிய மெனு. பக்கத்தில் பச்சை குத்தும் கடை, எதிரில் தொட்டிச்செடிக் கடை, நடைபாதை முழுக்க இளவட்டங்களும் அவர்களுடைய நாய்களும். கார் நிறுத்த இடம் தேடி என் கணவர் நாலு சுற்று சுற்றினார். மெனுவைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. "ரேட் பரவால்ல. நான் பயந்த மாதிரி இல்ல" என்றார் என் காதில்.

சாப்பாடு எனக்கு முக்கியமில்லை. ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது: இந்த வீட்டில் என் பெண்ணை நன்றாகக் கவனித்துக்கொள்வார்களா? பையன் தங்கமானவன். ஆனால் அவனுக்கு அம்மா மட்டும்தான். அவர் எப்படியோ, அப்படித்தான் அந்த வீடும் இருக்கும்.

அந்த அம்மாள் அமெரிக்கக்காரர். நல்ல உயரம், வெள்ளை முடி, வாய் நிறையச் சிரிப்பு. என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொட்டிக் கூடை வந்ததும் என் பக்கம் நீட்டினார்.

"நோ நோ, ஐ ஆம் ஃபைன்" என்றேன்.

"ஓகே!" என்று கூடையை அந்தப் பக்கம் வைத்துவிட்டார்.

ஓகேவா? காலையில் குடித்த காபியோடு சரி, நான் வேறு எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. முதல் தடவை வேண்டாம் என்று சொல்வது எங்கள் வளர்ப்பு. இரண்டாவது தடவையும் வேண்டாம். மூன்றாவது தடவை, "அட, சும்மா சாப்பிடுங்க" என்று தட்டில் வைத்தால் போனால் போகிறது என்று சாப்பிடுவோம். அதுதான் உபசாரம். முப்பது வருஷம் இந்த ஊரில் வேலை பார்த்தும் இந்தப் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

ஆர்டர் எடுக்க வந்தபோதும், "எனக்கு ஒரு தக்காளி சூப் போதும்" என்று சொல்லிவிட்டு, யாராவது "அதெப்படி?" என்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. சூப் பத்து ஸ்பூனில் தீர்ந்துவிட்டது. அந்த அம்மாளுக்குப் பூண்டு மணக்க உருளைக்கிழங்கு வறுவல் வந்தது. நீட்டினார். "நோ நோ" என்றேன். மறுபடியும் ஓகே! என் கணவரோ கேட்பதற்கு முன்பே ஒரு பிடி அள்ளிக்கொண்டார். அந்த மனிதருக்கு வெட்கமே கிடையாது.

"என்னங்க, இவங்க ரெண்டாவது தடவை கேக்கவே மாட்டாங்களா?" என்று முணுமுணுத்தேன்.

"வேணும்னா எடுத்துச் சாப்பிடேன். யாரு தடுத்தா?" என்றார், வாய் நிறைய வறுவலோடு.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. என் பசிக்காக இல்லை. இங்கே பிறந்து, நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் என் மகள், இந்த ஒன்றில் மட்டும் அச்சு அசல் நான்தான். யார் எதை நீட்டினாலும் முதலில் வேண்டாம் என்பாள். இவர் ஓகே என்பார். குழந்தை பட்டினி கிடப்பாளே!

கடைசியில் இனிப்புக்கு ஆப்பிள் டார்ட் வந்தது. அந்த அம்மாள் பாதியை வெட்டி என் மகள் பக்கம் தள்ளினார்.

"நோ, ஐ ஆம் ஃபுல்" என்றாள் அவள். சொன்னேனே!

ஆனால் தட்டு அங்கேயே இருந்தது. "நிஜமாகவா?" என்று கேட்டார். மகள் தலையாட்டினாள். "நிஜமாகவே, நிஜமாகவா?" என்று மறுபடி கேட்டார். மகள் சிரித்துக்கொண்டே ஸ்பூனை எடுத்தாள்.

நான் வாயைப் பிளந்து பார்ப்பதைக் கவனித்து, அவரே இங்கிலீஷில் விளக்கினார். "முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது எல்லாவற்றையும் வேண்டாம் என்றாள். நானும் நம்பிவிட்டேன். திரும்பிப் போகும்போது காரை நிறுத்தி இரண்டு சாண்ட்விச் சாப்பிட்டாளாம். மறுநாள் என் மகன் சொன்னான். என் வீட்டிலிருந்து ஒரு பெண் பசியோடு போயிருக்கிறாளே என்று அழுதுவிட்டேன். அன்றிலிருந்து மூன்று தடவை கேட்காமல் விடுவதில்லை."

சட்டென்று நிறுத்தினார். ரொட்டிக் கூடையைப் பார்த்தார். என் காலி சூப் கிண்ணத்தைப் பார்த்தார். கை தானாக வாய்க்குப் போனது. "கடவுளே! இது அவளுடைய குணம் என்றல்லவா நினைத்தேன். உங்களுக்குமா?"

"அம்மா! ஆர் யூ ஸ்டார்விங்?" என்று மகள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். காலையிலிருந்து பட்டினி என்று என் கணவர் போட்டுக்கொடுத்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பல மடங்கு சந்தோஷமாக இருந்தது. என் பெண்ணின் பசிக்கு அழுத இன்னொருத்தி இந்த ஊரில் இருக்கிறாள்.

அவர் கரும்பலகை மெனுவை எனக்குக் காட்டி, ஒரு விரலை உயர்த்தினார். "ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" இரண்டாவது விரலும் தயாராக இருந்தது.

"எஸ்" என்றேன். "அந்த வறுவல். ஒரு முழுத் தட்டு."

சம்பந்தியிடம் இனி என்ன கூச்சம்?