என் ஊசிக் கதை

மம்மோகிராம் எடுக்கச் சொல்லி என் மகள் இரண்டு வருடமாக என்னை அரித்தெடுத்தாள். அவள் அக்கரைப்பற்று ஆஸ்பத்திரியில் தாதி. ஐம்பது தாண்டிவிட்டால் நோய், வருத்தம் இல்லாவிட்டாலும் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் கட்சி. ஒரு நோவும் இல்லாத மார்பை என்னத்துக்கு மெஷினில் கொடுத்து நசுக்க வேண்டும் என்பது என் கட்சி. கடைசியில் அவள் அழுதாள், அதனால் போனேன்.

மட்டக்களப்பில் எடுத்தார்கள். இடது பக்கத்தில் ஏதோ தெரிகிறது, திரும்ப வாருங்கள் என்றார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஊசி போட்டுச் சதை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். மறுமொழி வர ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேல். அந்த ஐந்து கிழமையும் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன், வீட்டில் சமைத்தேன். தொழுகையில் சுஜூதில் தலை வைத்தால் மட்டும் எழும்ப மனம் வராது. அவ்வளவு பயம். கடைசியில் ஒன்றுமில்லை, வெறும் கல்சியப் புள்ளிகள் என்று எழுதி வந்தது.

அல்ஹம்துலில்லாஹ் சொன்ன அதே வாயால் மகளைக் கிழித்தேன். ஊசி போட்ட டொக்டரிடமும் இது தேவைதானா என்று நேராகவே கேட்டேன். நல்ல மனுசன், மழுப்பவில்லை. எல்லாப் பெண்களும் எடுக்க வேண்டுமா என்பதில் டொக்டர்மாருக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது என்றார். சிலர் நேரத்தோடு கண்டுபிடித்துத் தப்புகிறார்கள். சிலருக்கு என்னைப் போல வீண் அலைச்சல். இன்னும் சிலருக்கு, ஒருநாளும் தொல்லை தந்திராத ஒன்றுக்கு வெட்டும் மருந்தும்கூட நடந்துவிடுகிறதாம். ஆனால் மார்பில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் அது வேறு விஷயம், அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வசனத்தை விட்டுவிட்டு மிச்சத்தை ஊரெல்லாம் சொன்னேன். ஆசிரியர் அறை, கலியாண வீடு, ஒரு இடம் மிச்சம் வைக்கவில்லை.

தங்கச்சிக்கும் சொன்னேன். உம்மாவின் வளவுக் காணியைப் பிரித்துத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் சீதன வீடு கட்டியது. நடுவில் ஒரு மதில், அதில் ஒரு சின்னக் கேற். நாளுக்கு நாலு தரம் அந்தக் கேற்றால் வருவாள், கையில் கறிக்கோப்பையோ மாங்காய்த் துண்டோ இருக்கும். அன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வெறுங்கையோடு வந்தாள். அதை நான் கவனிக்கவே இல்லை. பிடித்து உட்கார வைத்து, மெஷின் நசுக்கியது, ஊசி இறங்கியது எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன்.

"நொந்திச்சா ராத்தா?" என்று கேட்டாள்.

"நோகாம? ஒரு வருத்தமும் இல்லாமப் போய் வருத்தத்த வாங்கிட்டு வந்தன். நீ அந்தப் பக்கம் தலை வெச்சும் படுத்திடாத."

சிரித்தாள். தேத்தண்ணி குடித்தாள், போய்விட்டாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, என்னை அவள் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். என் கையை எடுத்துத் தன் வலது மார்பின் ஓரத்தில் வைத்தாள். நெல்லிக்காய் அளவில் ஒன்று, கல்லாக, அசையாமல் இருந்தது.

முதலே சொல்லிவிடுகிறேன், தங்கச்சி இருக்கிறாள். வெட்டியாகிவிட்டது, மருந்து இன்னும் ஏறுகிறது. மேலே என்ன என்று டொக்டர்மாரும் வாக்குத் தரவில்லை. வருத்தமில்லாத எல்லாரும் படம் எடுக்க வேண்டுமா என்று மகளோடு இன்றைக்கும் தர்க்கிக்கிறேன், எனக்கு இன்னும் நிச்சயமில்லை. நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான், அதை அந்த டொக்டரின் அறையில் வைத்துத் தெரிந்துகொண்டேன்.

மறுநாளே அதே டொக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன். சோதித்துவிட்டு, எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டார். நேற்றுத்தான் கண்டது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். தங்கச்சி முந்திக்கொண்டாள்.

"ஏழு மாசம் டொக்டர். குளிக்கக்குள்ள தட்டுப்பட்டிச்சி. அடுத்த நாளே ராத்தாட்டச் சொல்ல எண்டுதான் கேற்றால போன நான்."

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ராத்தா கதைச்சிட்டு இருந்தா."