குலுங்காத சைக்கிள்

‘குலுங்கும்’ என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. போன வாரம் ஆலங்குடி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், என் மடியில் இருந்த மகளைப் பார்த்து, “பொட்டப்புள்ள, பஸ்ஸு குலுங்குது, இறுக்கிப் பிடிச்சுக்கங்க” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். என் கை தானாகவே குழந்தையின் வயிற்றைச் சுற்றி வளைத்துக்கொண்டது. அந்த அம்மாளிடம் கோபப்பட என்ன இருக்கிறது? கோபமெல்லாம் என் கை மேல்தான்.

இதை எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். அப்பா இருக்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகையை வரி விடாமல் படிக்கிறவர். பெற்றவரைப் பற்றிப் பெண் இப்படி எழுதலாமா என்று நாலு பேர் கேட்பார்கள். நானே கேட்டுக்கொள்கிறேன். ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஐந்தாம் வகுப்போடு சரி. மேலே படிக்கப் புதுக்கோட்டைக்குத்தான் போக வேண்டும். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, புதுக்கோட்டையில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தார். தினமும் போய்வருகிறவர் என்னையும் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவதாக ஏற்பாடு. ஒரு வாரம்கூட நடக்கவில்லை. என் பாவாடை செயினில் சிக்கிச் சுருண்டுகொண்டது. விழுந்தேன். கணுக்காலில் தோல் உரிந்துபோனது.

“செயினு பாவாடையத் திங்குது. பொம்பளப் புள்ளைக்குச் சைக்கிள் ஆகாது” என்றார் அப்பா.

சித்தப்பா வாதாடவில்லை. செயின்தானே குற்றம்? செயினே இல்லாத ஒரு சைக்கிளைத் தேடிப் பிடித்துவிட்டார். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா விட்டுச்சென்றது, கடை மூலையில் துருப்பிடித்துக் கிடந்ததாம். பெண்கள் ஓட்டுகிற சைக்கிள் என்பதால் முன்னால் குறுக்குக் கம்பியும் கிடையாது. பெடலிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு குழாய் போகும். அதற்குள் ஓர் இரும்புத் தண்டு, தண்டின் இரண்டு முனையிலும் பல்சக்கரம். முன்முனை பெடலோடு சேர்ந்த சக்கரத்தின் பல்லைக் கடிக்கும். பின்முனை பின்சக்கரத்தைச் சுற்றும். பாவாடை சிக்க இடமே இல்லை.

“ஏப்பா, செயின எவனோ களவாண்டுட்டுப் போயிட்டான். அது தெரியாம மிதிச்சுக்கிட்டு வாறியே!” என்று ஊரே சிரித்தது.

அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, வாயைத் திறந்தாள்.

“தம்பி, அந்தச் செம்மண் ரோட்டுல அம்புட்டுத் தூரம் குலுங்கிக்கிட்டே போனா, பொட்டப்புள்ளைக்குக் கர்ப்பப்பை எறங்கிரும்டா.”

அது என்ன பை என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற பைகளில் ஒன்று என்று நினைத்தேன். “எறங்காது அத்தை. மடியில வச்சுக் கெட்டியாப் பிடிச்சுக்கிறேன்” என்றேன். அத்தை என் வாயிலேயே ஒன்று வைத்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“குலுங்காம கொண்டுபோனா?” என்று கேட்டார் சித்தப்பா.

அப்பா சிரித்தார். “ஒரு செம்புப் பாலக் கேரியர்ல வச்சுக் கண்மாய்க்கரை வரைக்கும் போயிட்டு வா. ஒரு சொட்டுச் சிந்தலேன்னா புள்ளையக் கூட்டிட்டுப் போ.”

கொட்டகையில் உடைந்துபோன வில்வண்டி ஒன்று கிடந்தது. குலுக்கலைத் தாங்க அதன் அடியில் இருந்த இரும்பு வில்லிலிருந்து இரண்டு பட்டைகளைச் சித்தப்பா கழற்றினார். சைக்கிளின் பின்பகுதியைத் தனியே அறுத்தெடுத்தார். இருக்கைக்குக் கீழே ஒரு கீல் வைத்து அதைத் தொங்கவிட்டார். நடுவில் வில்பட்டை. கேரியரை முன்பகுதியோடு சேர்த்துவிட்டார். சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்கிக்கொள்ளட்டும், கேரியர் அசையாமல் இருக்கும் என்பது அவர் கணக்கு.

முதல் பள்ளத்திலேயே ‘கறக்’ என்றது. பெடல் சும்மா சுற்ற, சித்தப்பா காரை முட்புதருக்குள் கிடந்தார். சக்கரம் மேலே போனபோது தண்டும் கூடவே இழுபட்டு, அதன் பல் பெடல் சக்கரத்தை விட்டு விலகிவிட்டது. செயின் என்றால் கொஞ்சம் தொய்ந்து கொடுக்கும். தண்டுக்குத் தொய்யத் தெரியாது. கீலைக் கீழே இறக்கிப் பார்த்தார். பின்னால் தள்ளிப் பார்த்தார். பல் உடைந்ததுதான் மிச்சம். கடையிலிருந்து வேறு பல்சக்கரம் தேடி வந்து அரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா விளக்கெண்ணெயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். கிழிந்த பாவாடையையும் தைத்து மடித்து வைத்திருந்தாள்.

அப்படி ஒரு நாள் நான் கொட்டகைக் கதவில் தொற்றிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்துக் கதவு. அடியில் துருத்திக்கொண்டிருக்கும் குடுமி கல்குழியில் உட்கார்ந்து திரும்பும்.

“கதவுல ஆடாதடி, வீட்டுல சண்ட வரும்!” என்று அத்தை உள்ளேயிருந்து கத்தினாள்.

“நீ ஆடுத்தா. இன்னும் நல்லா ஆடு” என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா தரையில் குப்புறப் படுத்துக் குடுமியையே பார்த்தார். கதவின் நுனியில் நான் எவ்வளவோ தூரம் போய் வந்தேன். குடுமி குழியை விட்டு நகரவே இல்லை.

“அட மடையா! எங்க பல்லு கடிக்கிதோ அங்கயில்ல குடுமி இருக்கணும்!” என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டு எழுந்தார்.

அப்புறம் பின்பகுதி முழுவதும் பெடல் அச்சிலேயே திரும்பும்படி மாற்றி அமைத்தார். சக்கரம் எவ்வளவு ஏறி இறங்கினாலும் தண்டு அந்த அச்சைச் சுற்றியே அசைந்தது. பல் விலகவில்லை. பள்ளம் வந்தால் மட்டும் பெடல் காலைக் கொஞ்சம் எதிர்த்துத் தள்ளும். “கழுத ஒதைக்கிற மாதிரி இருக்கு. பழகிரும்” என்றார்.

பால் பரீட்சை ஒரு காலையில் நடந்தது. அத்தை கேரியரில் சும்மாட்டை வைத்து, அதன்மேல் செம்பை வைத்து, கழுத்துவரை பாலை ஊற்றினாள். என் இடத்தில் பால் உட்கார்ந்து போயிற்று. திரும்பி வந்ததும் அப்பா செம்பைத் தூக்கிச் சும்மாட்டுத் துணியை விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்த துணி. பிறகு அந்தப் பாலை மடமடவென்று குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“வில்லு நல்லாத்தான் வேலை செய்யிது” என்றார்.

மறுநாள் விடிந்ததும் தைத்த பாவாடையைக் கட்டிக்கொண்டு பையோடு வாசலில் நின்றேன். சைக்கிள் இல்லை. கடலை விலை பேச அப்பா அதில் ஆலங்குடிக்குப் போயிருந்தார். அவருக்கு மூல வியாதி. மாட்டுவண்டியில் உட்கார்ந்தால் உயிர் போகும். இந்தச் சைக்கிளில் வேட்டியைக் கடிக்கச் செயின் இல்லை, வேட்டியைத் தூக்கிக் காலைப் போட வேண்டிய கம்பி இல்லை. என் பாவாடைக்காகத் தேடியதெல்லாம் அப்பாவின் வேட்டிக்குப் பொருந்திவிட்டது.

சாயங்காலம் வந்தவர்களிடமெல்லாம், “தொட்டில் மாதிரில்ல இருக்கு! அலுங்கல, குலுங்கல” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, புள்ளைக்கிட்டச் சொன்னமே...” என்று சித்தப்பா இழுத்தார்.

“ஒனக்குத்தான் ஒன் பழைய சைக்கிள் இருக்குல்ல?” என்றார் அப்பா. அம்மா சோற்றுத் தட்டை வைத்த வேகத்தில் தட்டு சுழன்று நிற்க வெகுநேரம் ஆயிற்று. அன்றைக்கு அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தலையைத் தடவி அப்பா சொன்னார்: “நானே ஏறிப் பாத்துட்டேன் ஆத்தா. பெரியவுகளுக்குத் தாங்கும். சின்ன ஒடம்புக்கு இன்னும் கொஞ்சம் குலுங்குது.”

சில வருஷம் கழித்துத்தான் அம்மா என்னைக் கந்தர்வக்கோட்டையில் தன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுப் படிக்கவைத்தாள். வகுப்பில் எல்லோரையும்விட நான்தான் உயரம். கடைசி பெஞ்சில் கூனிக்கொண்டு உட்காருவேன். அப்பா பொய் சொன்னார் என்று எழுதக் கை தயங்குகிறது. ஒருவேளை நிஜமாகவே பயந்திருப்பாரோ? பிள்ளை பெற்றபின் இப்படியும் தோன்றுகிறது. பஸ்ஸில் என் கை செய்த காரியத்தைத்தான் பார்த்தேனே. ஆனால் பயந்தவர் அந்தச் சைக்கிளை உடைத்துப் போட்டிருப்பார். ஊரெல்லாம் போய்த் தொட்டில் என்று சொல்லியிருக்க மாட்டார்.

அப்பா தலையைத் தடவிச் சொன்ன அன்றைக்கு இந்த யோசனை ஒன்றும் எனக்கு இல்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நேரே கொட்டகைக்கு ஓடினேன். சித்தப்பா தன் பழைய சைக்கிளின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கு இன்னும் கொஞ்சம் குலுங்குதாம் சித்தப்பா. அதவிட மெதுவா ஒரு வில்லு வைங்க.”

அவர் என்னைப் பார்க்காமலே, “அம்புட்டு மெதுவான வில்லு ஒலகத்துலயே இல்லத்தா” என்றார்.

“அப்ப நீங்களே செய்யுங்க” என்று சொல்லிவிட்டு, அவருக்கு மறுபடியும் யோசனை வரட்டும் என்று கதவில் ஏறி ஆடத் தொடங்கினேன்.