வெள்ளிக்கிழமை நாற்பது நிமிடம்

தாராவியில் சத்தமில்லாத இடம் எது என்று கேட்டால் சிரிப்பார்கள். நான் இடம் தேடவில்லை, நேரம் தேடினேன். எங்கள் சந்தில் பதினொரு தோல் கார்கானாக்கள், பர்ஸும் பையும் தைக்கிற பட்டறைகள். பதினொன்றும் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்களுடையவை. தையல் மெஷின், சுத்தியல், ரேடியோ, சண்டை என்று காலையில் ஆரம்பித்தால் ஓய்வே கிடையாது. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் மட்டும் ஒவ்வொரு மெஷினாக நிற்கும். ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வர நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தைத்தான் நான் திருடினேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வாப்பாவின் கார்கானாவில் பர்ஸுக்குப் பசை தடவுகிற வேலை. அந்தப் பசை நெடியில் சாப்பாடு இறங்காது, தலைவலி விடாது. துபாயிலிருந்து லீவில் வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கேசட்டை விட்டுவிட்டுப் போனார். அதில் கறுப்பு இளைஞர்கள் பாடவில்லை, தாளத்தின் மேல் படபடவென்று பேசினார்கள். அதற்கு ஹிப் ஹாப் என்று பெயர் என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். ஆனால் பைத்தியம் அன்றைக்கே பிடித்துவிட்டது.

என்னிடம் இருந்தது இரண்டு டேப் ரிக்கார்டர், அதில் ஒன்று இரவல். பழைய சினிமாப் பாட்டு ஒன்றின் தொடக்கத்தில் டிரம் மட்டும் நாலு அடி தனியாக வரும். அந்த நாலு அடியை இன்னொரு கேசட்டில் பதிந்து, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் பதிய வேண்டும். மயிரிழை தப்பினாலும் தாளம் நொண்டும். இப்படி நாலு நிமிடம் ஒட்டுவதற்குள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை போயிற்றோ, விரல் நுனி காய்த்துவிட்டது. அந்தத் தாளத்தை ஒரு டேப்பில் ஓடவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்து நான் பேசுவேன். இரண்டையும் மற்ற டேப் பிடித்துக்கொள்ளும். சந்தில் யார் தும்மினாலும் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், சனியன்.

செம்பூரில் சின்னதாகக் கேசட் கம்பெனி வைத்திருந்த சேட் ஒருவருக்கு என் தாளம் பிடித்துப்போனது. குரலோடு சுத்தமாகப் பதிந்து கொண்டுவா, டான்ஸ் கேசட்டில் போடுகிறேன், சரிப்பட்டால் இங்கேயே வேலை என்றார். எனக்கு வேண்டியது அந்த வேலைதான். பசையிலிருந்து தப்பிக்க வேறு வழியில்லை.

ஆகவே வெள்ளிதோறும் எங்கள் பள்ளிக்குப் பதில் மாஹிம் பள்ளிக்குத் தொழப் போவதாக வாப்பாவிடம் வாய் கூசாமல் சொல்வேன். அவர் போனதும் திரும்பி வந்து கார்கானாவை உள்ளே தாழ்போட்டுக்கொள்வேன். மூன்று ஜும்மாவைத் தொடர்ந்து விட்டவன் நெஞ்சில் முத்திரை விழுந்துவிடும், நல்லது எதுவும் உள்ளே ஏறாது என்று வாப்பா தன் தொழிலாளிகளைக் கண்டிப்பார். நான் ஏழு ஜும்மாவை விட்டேன். ஏழும் வீண். ஒரு வாரம் கரண்ட் போனது, ஒரு வாரம் யாரோ வீட்டு ஆடு கத்தியது, ஒரு வாரம் மேல்வீட்டுக் குழந்தை. கடைசியில் சேட்டும் பொறுமையிழந்து, இந்தச் சனிக்கிழமை இல்லையென்றால் வரவே வேண்டாம் என்றுவிட்டார்.

எட்டாவது வெள்ளி. பாதிப் பாட்டு வரை ஒரு பிசிறில்லை. அப்போது கதவில் தட்டும் சத்தம். இரண்டு தட்டு, மெதுவாக. தொழுகைக்கு இழுத்துப்போக யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். திறந்தால் மானம் போகும், பாட்டும் போகும். நான் நிறுத்தவில்லை. தாளத்தை விடாமல் பேசி முடித்தேன். அதற்கப்புறம் கதவு தட்டப்படவில்லை.

முடிந்ததும் கதவைத் திறந்தேனா? இல்லை. டேப்பைப் பின்னால் ஓட்டி, முதலிலிருந்து கடைசி வரை போட்டுக் கேட்டேன். தட்டல் விழுந்திருந்தது. ஆனால் தாளத்தின் மேலேயே விழுந்திருந்ததால் வேண்டுமென்று வைத்தது போல இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, தனியாகச் சிரித்தேன்.

பிறகுதான் தாழைத் திறந்தேன். வாப்பா படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தொப்பி நழுவியிருந்தது, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை மடியில் அப்படியே கிடந்தது. பள்ளியில் உடம்புக்கு என்னவோ செய்யவே யாரிடமும் சொல்லாமல் எழுந்து வந்திருக்கிறார். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வாரோ என்னவோ.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் செம்பூருக்குப் போனேன். ஆமாம், போனேன். வெட்கமில்லாமல்தான் போனேன். சேட் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "வோ டக் டக் மத் நிகால்னா" என்றார். அந்தத் தட்டலை எடுத்துவிடாதே என்று. அது அப்படியே கேசட்டில் ஏறியது. கோவண்டிக் கல்யாணங்களில், டான்ஸ் போட்டிகளில், டாக்ஸிகளில் எல்லாம் ஓடியது. அந்த டக் டக்கை எந்த மெஷினில் எடுத்தாய் என்று கேட்காத ஆள் இல்லை. தாள மெஷின் வந்தது, என் பெயர் போட்ட கேசட்டுகள் வந்தன, செம்பூரில் கட்டிலும் ஜன்னலும் உள்ள வீடு வந்தது. நாள் முழுக்க ஸ்டுடியோவில் பஞ்சு ஒட்டிய சுவருக்குள் உட்கார்ந்திருப்பேன். ஈ பறக்கிற சத்தம்கூட அங்கே கிடையாது. வெளியே வந்தால் உடம்பு அடித்துப்போட்டாற்போல இருக்கும். வாப்பா தோலை வெட்டுகிற கத்தியை அதற்கப்புறம் தொடவேயில்லை. கார்கானாவை வேறு ஆள் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வேலையை நிறுத்திவிட்டு அவரை டாக்ஸியில் ஜும்மாவுக்குக் கூட்டிப்போவேன். ஒரு தடவை டிரைவர் அந்தப் பாட்டைப் போட்டார். அணைக்கச் சொல்லி முன்னால் குனிந்தேன். வாப்பா இடது கையால் என் சட்டையைப் பிடித்தார். தட்டல் வந்து போகும்வரை காத்திருந்துவிட்டு, குழறலாக, "நாந்தாம்ல அது" என்றார்.

சியான் ஸ்டேஷன் தாண்டும்வரை வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு கேட்டுவிட்டேன். "இன்னொரு தடவ தட்டியிருக்கலாம்லா வாப்பா?"

"நீ உள்ள பேசிக்கிட்டு கெடந்த. எப்படித் தட்ட?" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "ஏழு வாரமா ஒன் பாட்டு கெட்டுப்போச்சுல்லா."

பள்ளிவாசல் வந்துவிட்டது. அவரைத் தோளில் தாங்கி இறக்கினேன், செருப்பைக் கழற்றிவிட்டேன், சுவரோரமாக உட்கார வைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். கதவை உடைத்திருக்க வேண்டும் அந்த மனுஷன். அந்தக் கோபம் இன்றுவரை தீரவில்லை.