மட்டமாக நின்ற ஊசி

கலகெதரப் பக்கம் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்ய லொறியோடு போயிருந்த மாமா, வீட்டுக்காரர் வேண்டாமென்று கொடுத்த மரப்பெட்டி ஒன்றை மஹய்யாவவில் இருந்த எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார். உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட பித்தளை வட்டம். விளிம்பெங்கும் பாகைக் கோடுகள். நடுவில் மெல்லிய ஊசி. தொட்டால் நடுங்கும், அடங்க நெடுநேரமாகும். ஒரு முள் தொலைந்துபோன மணிக்கூடு என்று மாமா முடிவுகட்டினார். திங்கட்கிழமை அதை உடைத்து அக்குறணைப் பழைய சாமான் கடையில் பித்தளை எடைக்குப் போடுவதாக ஏற்பாடு.

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்த அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

“மணிக்கூடு இல்ல மாமா. பூமியோட காந்தம் எவ்வளவு சரிவா இழுக்குதுன்னு அளக்குற கருவி. சரிவு வட்டம்னு பேரு.”

“எங்க சரியுது? படுத்துல்ல கெடக்கு” என்றார் மாமா.

அதுதான் சிக்கல். மாமாவின் போனில் தேடிய படங்களிலெல்லாம் ஊசி தலைகுப்புறச் சரிந்திருந்தது. அக்காவோ மேசையில் வடக்குத் தெற்காகச் சோக்குக்கட்டியால் கோடு போட்டுப் பெட்டியை நேராக வைத்துப் பார்த்தாள். அப்போதும் ஊசி ஏறக்குறைய மட்டமாகவே நின்றது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாதிச் சோற்றில் எழுந்துபோய்ப் பார்ப்பாள்; திரும்பி வந்து இரண்டு வாய் தின்பாள்; மறுபடி எழுவாள். அவளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கும் டியூசன் சேர் ஞாயிறு காலை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் நல்ல சாமான் என்றால் உடைப்பதில்லை என்று மாமாவும் ஒத்துக்கொண்டார்.

எனக்கு ஒன்பது வயது. அக்கா தோற்றுவிடுவாள் என்ற பதைப்பு என்னையும் தொற்றிக்கொண்டது. ஞாயிறு காலை அவள் குளிக்கப் போன நேரம் கண்ணாடிக் கதவைத் திறந்து, ஊசியின் வடக்கு முனையில் ஒரு துளி மெழுகை ஒட்டினேன். படத்தில் இருந்தபடியே சரிந்தது. அப்படியொரு பெருமை எனக்கு.

அக்கா தலை துவட்டி வருவதற்குள் சேர் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமாகப் பேசுவார்.

“கருவி நீர் சொன்னதுதான் பிள்ளை. ஆனா ஊசி பழுது. எங்கட நாட்டில காந்தம் கிட்டத்தட்ட மட்டமாத்தான் இழுக்கும். இப்பிடிச் சரியாது.”

“நேத்து வரைக்கும் மட்டமாத்தான் சேர் நின்னுச்சு!”

சேர் இரக்கத்தோடு தலையாட்டிவிட்டுப் புறப்பட்டார். “பழுதுன்னா பித்தளைதானே” என்று மாமா சுத்தியலைத் தேடப் போனார். அக்கா கதவைத் திறந்து ஊசியை உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என் கால்விரல்களைப் பார்த்தேன். மெழுகை நகத்தால் சுரண்டி எடுத்தவள், செருப்புக்கூடப் போடாமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடி, சேரைத் திரும்ப அழைத்துவந்தாள்.

ஊசி ஆடியது. கடைசியில் அது அடங்கியபோது, வடக்கு முனை மட்டத்துக்கு ஒரு நூலளவு மேலே நின்றது.

“அருமையான சாமான்” என்றார் சேர். “அப்ப முந்தி என்ன நடந்தது?”

“நான்தான் சேர். படத்துல உள்ள மாதிரி இருக்கட்டும்னு மெழுகு ஒட்டிட்டேன்” என்றாள் அக்கா.

சேரின் முகம் சுருங்கியது. “விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை செய்யிற வேலையே இது?” அக்கா கண்ணாடிக் கதவை மெல்லச் சாத்தினாள். பெட்டி தப்பியது. ஆனால் மெழுகுக் கதை டியூசன் வகுப்புவரை போய், அந்த வருடம் முழுக்க அவளைக் கேலி செய்ய உதவியது.

எனக்குத் திட்டு விழவில்லை என்பதே அன்றைக்குப் பெரிய நிம்மதி. அக்கா ஏன் அப்படிச் சொன்னாள் என்று மட்டும் கொஞ்சம் யோசித்தேன். பரீட்சைக்காக இரவும் பகலும் படித்துப் படித்து அவளுக்குத் தலை குழம்பிவிட்டது, தானே ஒட்டியதாக நினைத்துக்கொண்டாள், பாவம் என்று முடிவுசெய்து விளையாடப் போய்விட்டேன்.