அவசரக்குடுக்கையின் பதினாறு துண்டுகள்

அலுவலகத்தில் அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். வெள்ளக் கணிப்புப் பிரிவில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியும் அதைவிட நல்ல பட்டம் கிடைக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஆற்றின் அடுத்த பதினாறு மணி நேரத்தைப் பதினாறு துண்டாக்கி, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கணக்கிட விடுங்கள்.

“முதல் மணி முடியாம ரெண்டாவது மணி எங்கேருந்து வரும்?” என்பார் தலைமைப் பொறியாளர். “புள்ள பொறக்கிறதுக்கு முன்னாடி பேரு வைக்கிற கதையால்ல இருக்கு.”

“வெச்சிட்டு அப்புறம் திருத்திக்கலாம் சார்.”

அன்று காலை பத்து மணிக்கு மலைப்பக்கத்து மழை அளவு வந்தது. பழைய முறையில் ஒரே கணினி, ஒரு மணி முடிந்து அடுத்த மணி என்று போய்ச் சேர மாலை நான்காகும். ஆற்றோரத் தெருவில் அவளுடைய அக்காவின் தையற்கடை இருந்தது. நான்கு மணிவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. யாரையும் கேட்காமல் பிரிவின் மற்ற பதினாறு கணினிகளுக்கும் ஆளுக்கொரு மணி நேரத்தைப் பிரித்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றும் எந்த நீர்மட்டத்தில் தொடங்க வேண்டும் என்பதைக் குத்துமதிப்பாகப் போட்டாள்.

முதல் சுற்றில் ஒரு துண்டின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒட்டவே இல்லை. பொறியாளர் திரையில் துண்டு துண்டாக நின்ற கோட்டைப் பார்த்துச் சிரித்தார்.

“வெள்ளம் என்ன மாடிப்படி ஏறியா வருது? நிறுத்தும்மா.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிறுத்தவில்லை. அந்த வித்தியாசங்களை வைத்தே தொடக்கங்களைத் திருத்தி மறுபடி ஓட்டினாள். மூன்றாம் சுற்றில் படிகள் தேய்ந்தன. நான்காம் சுற்றில் கோடு ஒன்றாகிவிட்டது. மணி பதினொன்றரை. ஆற்றோரத் தெருவில் மூன்று மணிக்கு இடுப்பளவு தண்ணீர் என்றது கணக்கு.

“பழைய கணக்கு முடியட்டும். அதுவரைக்கும் ஒரு வார்த்தை வெளிய போகக்கூடாது” என்றார்.

அவர் எதிரிலேயே போனை எடுத்தாள்.

“அக்கா, தெருவையே கிளப்பு. மூணு மணிக்குத் தண்ணி வருது.”

“உங்க ஆபீஸ்ல சொன்னாங்களா?”

“நான் சொல்றேன்.”

“சரிடி” என்றாள் அக்கா. அக்காவின் வாய்க்கு அந்தத் தெருவே அடங்கும்.

மூன்று மணிக்குத் தண்ணீர் வந்தபோது தெருவில் ஈ காக்காய் இல்லை. நான்கு மணிக்குப் பழைய கணக்கு முடிந்தது. மூன்று மணிக்கு இடுப்பளவு என்றுதான் அதிலும் இருந்தது. பொறியாளர் அதைப் படித்துவிட்டு, அனுமதி இல்லாமல் செய்தி சொன்னதற்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்.

நின்றபடியே எழுதிக் கொடுத்தாள்: “உங்கள் கணக்கு சரி. அது நான்கு மணிக்கு முடிந்தது. தண்ணீர் மூன்று மணிக்கே வந்துவிட்டது.”