கணவரின் கடிகாரம் என் கையில்

என் கணவர் இன்று சக்கர நாற்காலியில் இருப்பதற்கு நான் காரணம். அவருக்கென்று வந்த உடற்பயிற்சியை நான் பறித்துக்கொண்டேன். சொல்லிவிட்டேன். இனி என்னைப் பற்றி நீங்கள் எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்!

பக்கவாதத்தில் அவருடைய இடது கால் தளர்ந்தபோது, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் விமலா ஒரு கடிகாரமும் டேப்லெட்டும் வாங்கி வந்தாள். கடிகாரம் நாடியையும் அசைவையும் கவனிக்கும். அதற்கேற்ப அன்றைய பயிற்சியைத் திரை சொல்லும். விமலா தன் கைப்பேசியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள்.

காலமெல்லாம் லாரி ஓட்டியவர், ஒரு திரை சொல்லி எழுந்து உட்காருவாரா? ஒரு நாள் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“இந்தா, நீயே கட்டிக்கிட்டுச் செய் லா. இல்லன்னா உன் மக போன் போட்டுக் கத்துவா.”

கட்டிக்கொண்டேன். அவரைக் காப்பாற்றத்தான்... அன்று மட்டும்.

“முட்டி வலிக்கிறதா?” என்று திரை மலாய் மொழியில் கேட்டது. நான் அழுதுவிட்டேன். சிரிக்காதீர்கள்! சாஆ என்ற ஊரின் தோட்டத்தில் உதிர்ந்த, எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழங்களைக் குனிந்து குனிந்து பொறுக்கித் தேய்ந்த முட்டி இது. இதுவரை யார் கேட்டார்கள்? மருத்துவமனையில்கூட நான் அவருக்குத் துணைக்கு வந்தவள்தானே! ‘வலிக்கிறது’ என்று அழுத்தினேன். மறுநாள் அது பயிற்சியை மாற்றித் தந்தது. எனக்கென்று... எனக்கே எனக்கென்று!

கொஞ்ச நாளில் பெர்மாஸ் ஜெயா பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு மாடிப்படியைக் கம்பியைப் பிடிக்காமல் ஏறினேன். “அப்பாவுக்கு லெவல் ஏறிடுச்சும்மா!” என்று விமலா போனில் துள்ளினாள். நான் மறுத்துப் பேசவில்லை.

பிறகு ஒரு காலை, அவராகவே கையை நீட்டினார்.

“வாட்சக் குடு பாக்கியம். இன்னிக்கு நான் செஞ்சு பாக்கறேன்.”

என் குற்றம் இங்கேதான் இருக்கிறது.

“இப்ப வேணாங்க. உங்களுக்கு பிரஷர் கூட இருக்கு. ரெண்டு நாள் போகட்டும்” என்றேன்.

பொய்! அவர் கட்டிக்கொண்டால் பயிற்சி அவருடைய காலுக்கு ஏற்ப மாறிவிடும். என் முட்டியை அது மறந்துவிடும்... அவ்வளவுதான் காரணம். அவர் கையை இழுத்துக்கொண்டார். அதன்பின் கேட்கவே இல்லை.

மழைக்காலத்தில் குளியலறை வாசலில் விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது.

“இவ்ளோ நல்லா செஞ்சவரு எப்படிம்மா விழுந்தாரு? இந்த மெஷினப் போயி நம்பினேனே!” என்று ஆஸ்பத்திரியில் விமலா தன்னையே திட்டிக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கடிகாரம் கட்டிய கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்கட்டுமா? மாட்டேன்! பொய் சொன்னது தவறு. ஆனால் என் உடம்பும் ஓர் உடம்புதான் என்று நான் கண்டுகொண்டது தவறா? அதற்கு எவரிடமும் தலைகுனிய மாட்டேன்.

இப்போது அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பவள் நான்தான். அந்தப் பயிற்சி தந்த பலத்தில்தான் தூக்குகிறேன்.

நேற்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “உனக்கு நல்ல பலம் பாக்கியம்” என்றார்.

பாராட்டினாரா, குத்திக் காட்டினாரா... கேட்க எனக்குத் துணிவில்லை.